பெரிய டிரம் காத்திருக்கும் இடம்

டிரம் வரிசைத் தம்பிகளுக்கும், நெல் முறம் ஆட்டப்போகும் தங்கச்சிக்கும்,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர வருமா பெரிய ற வருமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் கொஞ்சம் மங்கலாக எழுதியிருக்கிறேன். எது சரியோ அதை வைத்து நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நீங்கள் போனில் கேட்டீர்கள். "அண்ணே, டீச்சரோட கடல் உருப்படியைத் திரும்ப வாசிக்க எடுக்கிறோம். பெரிய டிரம் தாள்ல ஒரு இடத்துல எட்டுன்னு போட்டு அதைப் பென்சிலால கோடு இழுத்து விட்டிருக்கு. பதிலுக்கு ஒண்ணும் எழுதல. அங்க எவ்வளவு நேரம் நிக்கணும்ணே?" நான் "அது வந்துப்பா" என்று ஆரம்பித்தேன். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் எல்லாம் ஒன்றும் இல்லை. போனில் பேச எனக்கு வராது. நேரிலும் வராது. அதனால்தான் இந்த நோட்டை வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன். தஞ்சாவூரில் ஒரு பேண்டு செட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பெரிய டிரம் அடித்தேன். கல்யாணம், மாதா கோயில் சப்பரம், கட்சி ஊர்வலம், துக்கம், எல்லாம்தான். பிறகு டீச்சர் ஆரம்பித்த குழுவில் சில வருடம். போன வருடம் வலது தோள்பட்டை ஒத்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயது ஐம்பத்து மூன்றுதான். ஆனால் பெரிய டிரம்முக்கு அது போதும்.

குச்சி பிடிப்பது, தோலை முறுக்குவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதப்போவது அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும். ஆனால் அதை நேராகச் சொல்ல முடியாது. முதலில் பேண்டு செட்டைச் சொல்லவேண்டும்.

பேண்டு செட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் நின்றாலும் பெரிய டிரம் நிற்கக் கூடாது. டிரம்பெட்காரர் மூச்சு வாங்குவார், கிளாரினெட்காரர் தண்ணீர் குடிப்பார். அந்த நேரத்தில் எல்லாம் பெரிய டிரம் போய்க்கொண்டே இருக்கவேண்டும். டிரம் நின்றால் கால்கள் நிற்கும், கால்கள் நின்றால் ஊர்வலம் நிற்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் குச்சி கை நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. குனிந்து எடுத்துத் துடைத்து நிமிர்வதற்குள், சத்தம் நின்றதால் வீடு வந்துவிட்டது என்று நினைத்த டிரைவர் காரை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையும் இறங்கி, மாலையோடு, யார் வீட்டு வாசலிலோ போய் நின்றுவிட்டார். அந்த வீட்டு அம்மா பாவம், முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் "வாங்க, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். அந்த வருடம் முழுக்க எங்கள் செட்டில் என்னை வைத்து இதே சிரிப்புத்தான். அன்றிலிருந்து என் கை நின்றதே இல்லை. தூக்கத்தில்கூட முழங்காலில் தட்டிக்கொண்டே இருப்பேனாம். என் வீட்டுக்காரி சொல்வாள்.

டீச்சர் என்று நான் சொல்வது யாரை என்று உங்களுக்குத் தெரியும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். குத்தாலம் பக்கத்து வயல்காரக் குடும்பம், லுத்தரன் சபை. தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சபைக் கோயில் பாடகர் குழுவிலிருந்து வயலின்காரர்களையும், எங்கள் மாதிரி பேண்டு செட்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, முப்பது பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு பெரிய உருப்படி செய்யப்போகிறேன் என்றார். முழுக்கக் கடல். முக்கால் மணி நேரம். பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும்.

வீட்டில் வந்து சொன்னேன். "ஆர்க்கெஸ்ட்ராவா? யாரு பாடுறாங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"யாரும் பாட மாட்டாங்க."

"யாரும் பாடலன்னா முடிஞ்சிருச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் அந்த உருப்படிக்காக ஒரு வருடம், சனிக்கிழமை தவறாமல் கடற்கரைக்கு வந்து நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அது எங்கள் குப்பத்துக் கரை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே என் அக்கா மீன் கூடையோடு அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாளாம். "ஏம்மா, சர்வே பண்ண வந்தியா? எங்க வீட்ட இடிக்கப்போறீங்களா?" "இல்லக்கா, அலைய எழுதிக்கிட்டிருக்கேன்." "அலைய எழுதுறியா? அப்ப நெறைய நோட்டு வாங்கிக்க தாயி." அன்றைக்கே இரண்டு பேரும் சிநேகிதம் ஆகிவிட்டார்கள்.

எனக்கு இசைக்குறிப்பு படிக்க வராது. டீச்சருக்கு அது தெரியும். எனக்காகவே தமிழில், பெரிய எழுத்தில், எங்கே அடிக்க வேண்டும், எத்தனை எண்ண வேண்டும் என்று தனியாக ஒரு தாள் எழுதிக்கொடுத்தார். நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான். ஓரத்தில் இருக்கும் மஞ்சள் கறை என் வீட்டுச் சாம்பார்.

நெல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தங்கச்சிக்குப் பயன்படும். நுரை கரையில் இழையும் சத்தத்துக்கு என்று டீச்சர் ஒரு வாத்தியம் வரவழைத்தார். வட்டமாக, இரண்டு பக்கமும் தோல், உள்ளே சின்னக் குண்டுகள். ஒத்திகைக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு பெட்டியைப் பிரித்தோம். தோல் கிழிந்து குண்டெல்லாம் பெட்டிக்குள் சிதறிக் கிடந்தது. டீச்சர் முகம் வாடிவிட்டது. நான் எழுந்துபோய் வாட்ச்மேன் வீட்டில் முறமும் கொஞ்சம் அரிசியும் கேட்டு வாங்கிவந்து ரேவதி கையில் கொடுத்தேன். ரேவதிதான் அப்போது சின்ன வாத்தியங்கள் எல்லாம் பார்த்துக்கொண்ட பெண். அவள் முறத்தைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினாள். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருந்தது.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, அரிசி வேணாம். நெல்லு! உமியோட இருக்கணும்."

மறுநாள் அவர் வீட்டிலிருந்தே நெல் வந்தது. அறுத்துப் பத்து நாள்கூட ஆகாத நெல். ஆட்டிப் பார்த்தால் ஈரச் சாக்கை இழுக்கிற சத்தம். டீச்சர் ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். "நசுங்குது. படக்குன்னு ஒடியணும். இன்னும் ரெண்டு வெயில் வேணும்." அந்த இரண்டு நாளும் மாடியில் நெல் காய்ந்தது. வயலின்காரர்கள் வில்லை வீசிக் காக்கா விரட்டினார்கள். மூன்றாம் நாள் ரேவதி ஆட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கால் விரலில் நுரை வந்து பட்டுத் திரும்புகிற அதே சத்தம்.

டிரம்பெட் வாசித்த அந்தோணி என்னோடு பேண்டு செட்டிலிருந்து வந்தவன். அவன் சும்மா இருப்பானா? "டீச்சர், கச்சேரி முடிஞ்சதும் இந்தக் கடல அவிச்சு அரைச்சா எத்தன பேர் சாப்பிடலாம்?"

சரி, இப்போது அந்த இடம்.

உருப்படியில் பெரிய அலை எழுந்து அடித்து எல்லா வாத்தியமும் ஓய்ந்த பிறகு, கடல் உள்வாங்குகிறது. முழு அமைதி. தாளில் எட்டு எண்ணிக்கை, அதுவும் நிதானமான எட்டு. அது முடிந்ததும் பெரிய டிரம் மட்டும், காதுக்குக் கேட்காமல் நெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி உருட்டிக்கொண்டு வரவேண்டும். அதன்மேல் நெல். அதன்மேல் டிரம்பெட்டுகள், தாழ்ந்த குரலில். அந்த இடத்துக்கு மட்டும் டீச்சர் மற்றவர்களிடம் சொல்லியிருந்தார். "என் கையப் பாக்காதீங்க. டிரம்மக் கேளுங்க. டிரம் கேட்டதும் நாலு எண்ணி உள்ள வாங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் உள்வாங்குவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அக்கா வீட்டில் அத்தான் இல்லாமல் போனது சுனாமி வந்த அந்தக் காலையில்தான். டீச்சருக்கும் இது தெரியும். உருப்படியை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் முதலில் வாசிக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது, முன்கூட்டியே குப்பத்துக்குப் போய்ப் பெண்களை உட்காரவைத்து, இப்படி ஒரு இடம் வரும், வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் அக்காதான் கேட்டாளாம். "உள்ள வாங்குன கடல் திரும்ப வருமா, வராதா?"

"வரும்க்கா."

"எப்படி வரும்?"

"மெதுவா. காலத் தொடுற மாதிரி."

"அப்படி வரும்னா வைங்க. வேற மாதிரி வந்தா நான் எழுந்து போயிருவேன்."

டீச்சர் திரும்பி வந்து இதை எங்கள் எல்லாருக்கும் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். கடலை மெதுவாகத் திருப்பிக் கொண்டுவரவேண்டியவன் நான்தானே.

நானோ அந்த அமைதியிலேயே நிற்க முடியாமல் தவித்தேன். முதல் ஒத்திகையில் மூன்று எண்ணுவதற்குள் என் கை போய் டும் என்று ஒன்று வைத்துவிட்டது. நான் வைக்கவில்லை, கை வைத்தது. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் நாலாவது எண்ணிக்கையில். அந்தோணி பின்னாலிருந்து, "கடலு உள்ள போயிருக்கிற நேரத்துல யார்ரா கதவத் தட்டுறது?" என்றான். மூன்றாம் நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இறுக்கிப் பிடித்தேன். எட்டும் தாண்டிவிட்டது, அடிக்கவே இல்லை. டீச்சர் கை காட்டியும் அடிக்கவில்லை. கை மரத்துப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் ஏற்பாட்டாளர் ஒருவர் டீச்சரிடம் பேசுவது என் காதில் விழுந்தது. சென்னையில் முறையாகப் படித்த டிரம்காரர் ஒருவர் இருக்கிறார், சொன்னால் வந்துவிடுவார், இவரைச் சிஞ்சாத் தாளம் தட்டுகிற பக்கம் போட்டுவிடலாம் என்றார். டீச்சர், "சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் குப்பம் முழுக்க அக்கா சொல்லி வைத்திருந்தாள், என் தம்பிதான் பெரிய டிரம் என்று.

டீச்சர் என் பக்கத்தில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அண்ணே, அந்த எட்டுல நீங்க எண்ணுறீங்களா, பயப்படுறீங்களா?"

"ரெண்டும்தான் டீச்சர்."

"மாப்பிள்ள மறுபடியும் வேற வீட்டுல எறங்கிருவாருன்னு பயமா?"

அந்தோணி எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருக்கிறான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் என் கையிலிருந்து குச்சிகளை வாங்கினார். தன் கழுத்தில் கிடந்த துண்டை மடித்து டிரம் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். "அமைதி வந்ததும் குச்சிய இந்தத் துண்டு மேல படுக்க வைங்க. சத்தம் வரக் கூடாது. ஆறுல எடுங்க. எட்டுல அடிங்க. கைக்கு வேலை குடுத்துட்டா அது சும்மா இருக்கும்."

அவ்வளவுதான். சனிக்கிழமை ஒத்திகையில் சரியாக வந்தது. ஞாயிறும் வந்தது. சென்னைக்காரருக்கு யாரும் போன் செய்யவில்லை. தம்பிகளே, உங்கள் வரிசையில் யாருக்காவது கை ஓடினால் திட்டாதீர்கள். அதற்கு வேறு வேலை கொடுத்துப் பாருங்கள். அந்தத் துண்டு இன்னும் டிரம் பெட்டியில் இருக்கும், பச்சைக் கரை போட்டது.

இனி நான் வெளியே சொல்லாத ஒன்று.

எங்கள் கரையில் வள்ளம் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு ஏழு பேர் வள்ளத்தைத் தண்ணீர் ஓரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரிய அலைகள் சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில் தள்ளினால் வள்ளம் அலையைத் தாண்டிவிடும். முந்தினால் அலை தூக்கி அடித்துவிடும். ஒரு நாள் மூன்று அலை சேர்ந்து வரும், ஒரு நாள் ஐந்து. எண்ணிப் பிடிக்க முடியாது. எங்கள் வள்ளத்தில் அப்பா பார்த்துச் சொல்வார். அவர் "தள்ளு" என்றால் தள்ளவேண்டும்.

எனக்குப் பதினாறு வயது. அன்று அப்பா வாயைத் திறந்தார், நான் தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டேன். அவர் வாயைத் திறந்தது வெற்றிலையைத் துப்ப. வள்ளம் குறுக்கே திரும்பியது. அலை அதைத் தூக்கி அப்பா மேலேயே போட்டது. துடுப்பு ஒடிந்தது, அவருக்கு விலா எலும்பு இரண்டு. மணலில் படுத்துக்கொண்டு அவர் என்னைத் திட்டவில்லை. "என் வாயப் பாத்தா போதுமாடா? அலையப் பாக்க வேணாமா?" என்று மட்டும் கேட்டார். அவர் மூன்று மாதம் கடலுக்குப் போக முடியவில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் நான் தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன். பிறகு ஊருக்குப் போனால் வீட்டோடு சரி, கரைப் பக்கம் போனதில்லை. அக்கா பார்க்கும்போதெல்லாம் சொல்வாள், "கடலக் கண்டு ஓடுனவன் வந்துட்டான், சோறு போடு."

கச்சேரி அன்று மதியமே போய் இறங்கினோம். மேடை கடலைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஜனங்கள், அவர்களுக்குப் பின்னால் சவுக்கு மரங்கள், அதற்குப் பின்னால் கடல். காற்று அதிகம். மைக்கில் அது புஸ் புஸ் என்று இரைந்ததால் மைக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பெரிய டிரம்மைக் கடைசியில் உயரமான பலகை மேல் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சவுக்கு இடைவெளியில் அலை உடைகிற இடம் நன்றாகத் தெரிந்தது. பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அக்கா மேடையோரம் வந்து நின்றாள். "என்னடா, டிரம்மு இம்மாம் பெருசா இருக்கு, அதுக்குப் பின்னால உன் மூஞ்சியே தெரியலையே."

"போய் உக்காருக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே வந்திருக்காங்க." பிறகு ரேவதியின் முறத்தை எட்டிப் பார்த்தாள். "இது என்னடி, நெல்லா? கடலுக்கு நெல்லா? இதுல மீனு வருமா?"

"நுரை வரும்க்கா," என்றாள் ரேவதி.

அக்கா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளோடு மீன் விற்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் எங்களைப் பார்த்துத் திரும்பினார், அவர் முதுகு கடலுக்கு. ஆரம்பித்தோம்.

முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. பெரிய அலை எழுந்தது, அடித்தது, நானும் என் பங்குக்கு அடித்தேன். எல்லாம் ஓய்ந்தது. குச்சிகளைத் துண்டின் மேல் படுக்க வைத்தேன். ஒன்று. இரண்டு.

ஒத்திகை மண்டபத்தில் அந்த அமைதியில் மின்விசிறி மட்டும்தான் கேட்கும். இங்கே நாங்கள் நிறுத்தியதும் நிஜக் கடல் கேட்டது. மதியத்திலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். அந்த ஊரில் பிறந்தவன் காதுக்கு அது விழாது. இப்போதுதான் விழுந்தது. மூன்று. ஒரு பெரிய அலை உடைந்தது. நான்கு, ஐந்து. முன்வரிசைப் பெண்கள் ஒருவர்கூட அசையவில்லை. அக்கா இரண்டு கையாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிடுவாளோ என்று இருந்தது. ஆறு. குச்சியை எடுத்தேன். இன்னொரு அலை உடைந்தது. ஏழு.

எட்டு. டீச்சர் கை என்னை நோக்கி இறங்கியது.

அதே நேரத்தில் சவுக்கு இடைவெளியில் நான் பார்த்தேன். மூன்றாவது அலை எழுந்து நிற்கிறது, முதல் இரண்டையும்விட உயரமாக. டீச்சருக்கு அது தெரியாது, அவர் முதுகுப் பக்கம். இப்போது உருட்ட ஆரம்பித்தால் நான்கு எண்ணுவதற்குள் அது உடையும். என் உருட்டலை முழுங்கிவிடும். அந்தோணிக்குக் கேட்காது, ரேவதிக்குக் கேட்காது, ஆளுக்கு ஒரு எண்ணிக்கையில் வந்து விழுவார்கள். அக்காவிடம் மெதுவாக வரும் என்று சொன்ன கடல் தடதடவென்று வந்து விழும்.

கை இறங்கிவிட்டது. நான் அடிக்கவில்லை.

"டேய், அடிடா," என்று முன்னாலிருந்து அந்தோணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கேட்டது. ரேவதி முறத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். மறுபடியும் மரத்துப்போய்விட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்திருப்பார். நான் எப்போதும் அவர் மணிக்கட்டைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். தலையை லேசாக ஆட்டினேன், இன்னும் இல்லை என்று.

அவர் என்ன கண்டாரோ தெரியாது. இறங்கிய கையை மெல்லத் திரும்ப மேலே கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிட்டார். விரல்களை விரித்து, முப்பது பேரையும் பிடித்து வைத்திருப்பது போல.

அலை உடைந்தது. நுரை ஓடிவந்து மணலில் ஏறி, இழைந்து, திரும்பியது. அதற்குப் பின்னால் கடல் ஓய்ந்தது. எனக்கு யாரும் தள்ளு என்று சொல்லவில்லை. உருட்டினேன்.

அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன்னும் பின்னும் அடித்ததில்லை. அதன்மேல் நெல் வந்தது. நெல்லின் மேல் அந்தோணியும் மற்றவர்களும், மூச்சு விடுகிற மாதிரி. அக்கா நாற்காலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கடைசி வரை நான் தாளைப் பார்த்துத்தான் அடித்தேன், ஒரு தப்பும் இல்லை.

முடிந்ததும் டிரம்முக்கு உறை போடுகிற சாக்கில் பின்னாலேயே நின்றுகொண்டேன். டீச்சர் பலகை மேல் ஏறி வந்தார்.

"அண்ணே, எட்டுக்கு அடிக்கல."

"இல்ல டீச்சர்."

"நான் கை காட்டுனேன்."

"பாத்தேன் டீச்சர்."

"அப்புறம் ஏன்?"

உறையின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டேன். அவர் காத்திருந்தார். "உங்களுக்குப் பின்னால ஒரு அலை வந்துச்சு டீச்சர்."

அவர் திரும்பிச் சவுக்குப் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் தாளை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் அந்த எட்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். "இங்க என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியல," என்று தாளை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் தம்பிகளே. அந்த இடம் வெறுமையாக இருப்பது மறதியால் இல்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் டீச்சர் கையை மீறாதீர்கள். ஒத்திகை எல்லாவற்றிலும் எட்டு எண்ணியே அடியுங்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எட்டு உடம்பில் ஏறியிருந்ததால்தான் அன்று அதைத் தாண்டி நிற்க முடிந்தது. தஞ்சாவூர் மண்டபத்தில் அலை எங்கே என்று கேட்பீர்கள். பிறகு அந்த உருப்படியை மண்டபத்தில் ஐந்து தடவை வாசித்திருக்கிறேன். ஒரு தடவை யாரோ இருமிக்கொண்டிருந்தார், அது அடங்கும் வரை நின்றேன். ஒரு தடவை வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஒரு தடவை எட்டுக்கு முன்னாலேயே, ஆறிலேயே, சபை தயாராக இருந்தது, அடித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் டீச்சர் கையை மேலே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். இனி உங்கள் முகத்தைப் பார்ப்பார். குனிந்துகொள்ளாதீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அன்று எல்லாரும் வண்டி ஏறும்போது அக்கா ஒரு டிபன் பாக்ஸோடு வந்தாள். வறுத்த மீன். டீச்சருக்குத் தனி, எங்களுக்குத் தனி. என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அந்த மூணாவது அலைக்கு நின்னேல்ல?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்? நீ திரும்பவே இல்லையே."

"எனக்கு எதுக்குடா திரும்பணும்?" என்றாள். பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், இப்போது வலிக்கும் அதே தோள். "முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு ஒழுங்கா வள்ளம் எறக்கிட்ட."

"அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாருக்கா?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. வெத்தலயத் துப்பிட்டு ஏறி உக்காந்திருப்பாரு."

இதை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆகிவிட்டது. இன்று காலை அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வேறு வீட்டில் இறங்கியதற்குச் சிரித்தாள். முடித்ததும், "துடுப்பு ஒடிஞ்சத எழுதுனியா?" என்றாள். எழுதினேன் என்றேன். "விலா எலும்பு?" அதையும் எழுதினேன் என்றேன். கொஞ்ச நேரம் லைனில் காற்றும் கடலும் மட்டும் கேட்டது. நான் அவசரப்படவில்லை.

"சரி, அனுப்பு," என்றாள்.

அனுப்புகிறேன். இன்று மாசி மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.